டான்சில் ஆபரேஷனுக்கு முன்னால் ஏ.பி.டி.டி. கூடியிருந்தால் என்ன செய்வது? ஆபரேஷன் நடக்கும்போது ரத்தம் உறைவதை எப்படிக் கவனிக்கிறார்கள்?

காரைக்குடி பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகனுக்கு 4 வயது, டான்சில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று, அதற்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஏ.பி.டி.டி. (ரத்தம் உறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கும் ஒரு டெஸ்ட்) 46 நொடி என்று வந்திருக்கிறது, அந்த லேபின் நார்மல் 26 முதல் 36 வரை. உறைதலைப் பார்க்கும் இன்னொரு டெஸ்டான புரோத்ராம்பின் டைம் சரியாக இருக்கிறது, பிளேட்லெட்டும் சரி. டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார், வீட்டில் எல்லாரும் பயந்து கிடக்கிறார்கள். கூடவே இன்னொரு கேள்வி: நாத்தனாரின் 9 மாதப் பெண் குழந்தைக்கு அடுத்த மாதம் சென்னையில் இதய அறுவை, அவ்வளவு சின்ன உடம்பில் ரத்தம் உறைகிறதா இல்லையா என்பதை ஆபரேஷன் நடக்கும்போது எப்படித் தெரிந்துகொள்வார்கள்?

நான் மயக்க மருத்துவர், குழந்தைகள் அறுவையில்தான் பெரும்பாலும் வேலை. முதலில் பையன் விஷயம். தள்ளிவைத்தது நல்ல முடிவு, அந்த டாக்டர் மேல் கோபப்படாதீர்கள். டான்சில் அவசர அறுவை இல்லை, காரணம் தெரிந்துகொள்ள நேரம் இருக்கிறது. அதே சமயம் 46 என்ற எண்ணைப் பார்த்து "பிள்ளைக்கு ரத்தம் உறையாத வியாதி" என்று முடிவு கட்டவும் வேண்டாம். இப்படித் தற்செயலாகக் கூடுதல் காட்டும் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு ரத்தப்போக்கு வியாதி எதுவும் இருப்பதில்லை. இருக்கிறவர்களை விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தத் தேடல்.

இந்த டெஸ்ட் என்ன செய்கிறது என்றால், ரத்தத்திலிருந்து பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதியைப் பிரித்து, ஒரு தூண்டுபொருளும் கால்சியமும் சேர்த்து, எத்தனை நொடியில் உறைகிறது என்று பார்க்கிறது. ரத்தம் உறைய உதவும் புரதங்களை உறைதல் காரணிகள் என்று எண் போட்டுச் சொல்வோம், அவற்றில் 8, 9, 11, 12 ஆகியவற்றில் ஏதாவது குறைந்திருந்தால் நேரம் நீளும். ஆனால் உடம்புக்குள் ரத்தம் இப்படிக் கண்ணாடிக் குழாயில் உறைவதுபோல் உறைவதில்லை. ரத்தக்குழாயின் சுவர், பிளேட்லெட், அதை ஒட்டவைக்கும் வான் வில்லிபிராண்ட் என்ற புரதம், எல்லாம் சேர்ந்துதான் ரத்தத்தை நிறுத்துகின்றன. இதில் ஒரு பகுதியை மட்டுமே இந்த டெஸ்ட் பார்க்கிறது, அதனால்தான் நார்மல் என்று வந்தாலும் முழு நிம்மதி இல்லை, கூடியிருந்தாலும் முழுப் பயம் தேவையில்லை.

அடுத்தது ரத்தம் எடுத்த விதம். இதைப் பெற்றோர் யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். வெளிர்நீல மூடி போட்ட சின்னக் குழாய், உள்ளே ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் திரவம் கொஞ்சம் இருக்கும். 1 பங்கு சிட்ரேட்டுக்கு 9 பங்கு ரத்தம் என்று கணக்கு. குழாயின் மேல் ஒரு கோடு போட்டிருப்பார்கள், ரத்தம் அந்தக் கோடு வரை நிறைய வேண்டும். பிள்ளை கதறிக் கையை இழுத்து, ஊசி நழுவி, பாதிக் குழாய்தான் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிட்ரேட் அதிகமாகிவிடும், நேரம் பொய்யாக நீளும். கையைப் பிசைந்து பிசைந்து எடுத்தால் குழாய்க்குள்ளேயே லேசாக உறையத் தொடங்கிவிடும், அதுவும் முடிவைக் குழப்பும். அப்புறம் நேரம். ஏ.பி.டி.டி.யை ரத்தம் எடுத்து 4 மணி நேரத்துக்குள் பார்த்துவிடுவது நல்லது. நம் பக்கம் காலையில் எடுத்த ரத்தத்தைப் பல இடங்களில் மதுரைக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ பஸ்ஸில் அனுப்புகிறார்கள், மத்தியான வெயிலில் போய் ராத்திரி மெஷினில் ஏறினால் அந்த எண்ணை நான் நம்பமாட்டேன். ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பினால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். குளிர் வேறு விதமாகக் கெடுக்கும். ஆகவே முதல் வேலை, அந்த டெஸ்ட்டை ஆய்வு மெஷின் இருக்கும் இடத்துக்கே பிள்ளையைக் கூட்டிப்போய், கை பழகிய ஒருவரைக் கொண்டு எடுத்துத் திரும்பப் பார்ப்பது. பலருக்கு விஷயம் இத்தோடு முடிந்துவிடும்.

திரும்பவும் கூடியே இருந்தால்? மிக்ஸிங் டெஸ்ட் என்று ஒன்று செய்வார்கள். பிள்ளையின் பிளாஸ்மாவோடு நல்ல பிளாஸ்மாவைச் சம அளவு கலந்து திரும்ப ஓட்டுவார்கள். நேரம் சரியாகிவிட்டால் ஏதோ ஒரு காரணி குறைவு, நல்ல பிளாஸ்மா அதை ஈடுகட்டிவிட்டது என்று பொருள். சரியாகவில்லை என்றால் பிள்ளையின் ரத்தத்தில் உறைதலைத் தடுக்கும் எதிர்ப்புப் பொருள் ஏதோ இருக்கிறது. டான்சில் பிள்ளைகளிடம் இந்த இரண்டாவது வகை அடிக்கடி வரும், ஏனென்றால் அவர்களுக்குத்தான் மாதம் ஒருமுறை காய்ச்சல் தொண்டைவலி வருகிறதே. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் என்ற எதிர்ப்பொருள் தற்காலிகமாக ரத்தத்தில் சுற்றும். பெயரைப் பார்த்து லூபஸ் வியாதி என்று பதறவேண்டாம். டெஸ்ட் குழாயில் நேரத்தை நீட்டுமே தவிர, சாதாரணமாக உடம்பில் ரத்தப்போக்கை உண்டாக்காது, சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே போய்விடும். புரோத்ராம்பின் டைமும் சேர்ந்து நீண்டிருந்தால் அப்போது வேறு மாதிரி யோசிக்கவேண்டும், உங்கள் மகனுக்கு அது சரியாக இருப்பது நல்ல விஷயம். 12ஆம் காரணி குறைந்தாலும் இப்படித்தான், எண் நீளும், ஆனால் அறுவையில் ரத்தம் அதிகம் போகாது.

விட்டுவிடக் கூடாதவை 8, 9, 11ஆம் காரணிக் குறைவுகளும் வான் வில்லிபிராண்ட் குறைவும். இங்கேதான் மெஷினை விட உங்கள் வீட்டுப் பெரியவர்களின் ஞாபகம் உதவும். ரத்தப்போக்கு வரலாற்றை ஒழுங்காகக் கேட்டு வாங்குவதற்கு ஈடான டெஸ்ட் எந்த லேபிலும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். "ரத்தம் உறையாத வியாதி ஏதும் உண்டா?" என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். இப்படிக் கேட்கவேண்டும்: தொப்புள்கொடி விழுந்தபோது ரத்தம் கசிந்ததா? தடுப்பூசி போட்ட தொடை நாள்கணக்கில் வீங்கிக் கறுத்ததா? குன்றக்குடியிலோ குலதெய்வம் கோயிலிலோ மொட்டை போட்டுக் காது குத்தியபோது, குத்திய இடம் மறுநாள் வரை கசிந்ததா? பால்பல் ஆடும்போது தலையணை நனைந்ததா? மூக்கில் ரத்தம் வந்தால் 10 நிமிடம் பிடித்தும் நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடியதுண்டா? முழங்காலிலும் அதற்குக் கீழே காலின் முன்பக்கத்திலும் கன்றிப்போவது ஓடி விளையாடும் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு, அதை விடுங்கள். முதுகிலும் வயிற்றிலும் காரணமில்லாமல் பெரிய பெரிய கன்றல் வந்தால் சொல்லுங்கள். இதில் பாதிக்குப் பதில் அப்பத்தாவுக்கோ ஆயாவுக்கோதான் தெரியும், ஏனென்றால் குழந்தையைக் குளிப்பாட்டிக் கவனித்தது அவர்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவர்களில் ஒருவரைக் கூட்டிப்போங்கள், இல்லாவிட்டால் போனிலாவது கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

உங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். மாதவிடாய் அதிகமா, பிரசவத்தின்போது ரத்தம் ஏற்றினார்களா, பல் பிடுங்கினால் என்ன ஆனது? 8, 9ஆம் காரணிக் குறைவு, அதாவது ஹீமோபிலியா, தாய்வழியில் ஆண்பிள்ளைக்கு வருவது. அதனால் காதுகுத்துக்கு மடியில் வைத்துக்கொண்ட தாய்மாமனையும் விசாரியுங்கள், அவருக்குச் சின்ன வயதில் மூட்டு வீங்கியிருக்கிறதா என்று. குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பதாலேயே இல்லை என்றும் ஆகிவிடாது. ஹீமோபிலியா உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்கதையே இருக்காது.

இன்னொன்று, சொந்தத்தில் கட்டிய கல்யாணமா என்று டாக்டர் கேட்டால் சங்கடப்படாமல் பதில் சொல்லுங்கள். மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டுவது நம் பக்கம் எல்லாச் சமூகத்திலும் உண்டு, யாரும் குற்றம் சொல்ல அதைக் கேட்பதில்லை. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் ஒரே குறையுள்ள மரபணு வந்தால்தான் வரும் சில அரிய வியாதிகள் உண்டு. கிளான்ஸ்மன் என்பது ஒன்று: பிளேட்லெட் எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆனால் அவை ஒன்றோடொன்று ஒட்டாது. 13ஆம் காரணிக் குறைவு இன்னொன்று: ரத்தம் உறைந்துவிடும், ஆனால் உறைந்தது உறுதியாக நிற்காமல் பிறகு கரைந்து கசியும், தொப்புள்கொடி விழுந்தபின் கசிவது இதன் முக்கிய அடையாளம். இந்த இரண்டிலும் ஏ.பி.டி.டி., புரோத்ராம்பின் டைம், பிளேட்லெட் எண்ணிக்கை எல்லாம் நார்மல் என்றே வரும்! கதையைக் கேட்காமல் காகிதத்தை மட்டும் பார்த்து ஆபரேஷனுக்கு ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வான் வில்லிபிராண்டிலும் ஒரு சிக்கல், பிள்ளை பயந்து அழுதாலோ காய்ச்சலாக இருந்தாலோ அந்தப் புரதம் தற்காலிகமாக ஏறிவிடும், லேசான குறைவு அன்றைக்குத் தெரியாமல் போகும். சந்தேகம் வலுவாக இருந்தால் வேறொரு நாள் திரும்ப எடுப்பார்கள்.

ப்ளீடிங் டைம், கிளாட்டிங் டைம் என்று காது மடலில் குத்தி, 30 நொடிக்கு ஒருமுறை ஒற்றுத்தாளில் ஒற்றி ஒற்றிப் பார்ப்பார்களே, அது இன்னும் நம் ஊர் லேப்களில் ஆபரேஷன் என்றாலே எழுதப்படுகிறது. குத்தும் ஆழம், தோலின் தடிமன், குத்துகிறவரின் கை என எல்லாவற்றையும் பொறுத்து மாறும். கிளாட்டிங் டைமோ காரணிகள் மிகமிகக் குறைந்தால்தான் நீளும். அந்த இரண்டும் நார்மல் என்பதை வைத்து யாராவது உங்களைச் சமாதானப்படுத்தினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

"ஒரு பை பிளாஸ்மா ஏற்றிவிட்டுப் பண்ணிவிடலாம்" என்று யாராவது சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். காரணம் தெரியாமல் எண்ணைச் சரிசெய்வதற்காகப் பிளாஸ்மா ஏற்றுவது வைத்தியமே இல்லை. கிளான்ஸ்மனுக்கு அது உதவாது, லூபஸ் வகைக்குத் தேவையே இல்லை, ஹீமோபிலியாவுக்குப் போதாது.

வயது விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், நாத்தனாரின் குழந்தைக்கு அது முக்கியம். பிறந்த குழந்தையின் ரத்தம் பெரியவர்களின் ரத்தத்தைச் சிறிய அளவில் எடுத்துவைத்தது அல்ல. வைட்டமின் கே-யை நம்பியிருக்கும் 2, 7, 9, 10ஆம் காரணிகள் பிறக்கும்போது பெரியவர்கள் அளவில் பாதி போலத்தான் இருக்கும், பல காரணிகள் 6 மாதம் வாக்கில்தான் பெரியவர்கள் அளவை நெருங்கும். அதே சமயம் ரத்தம் தேவையில்லாமல் உறைந்துவிடாமல் தடுக்கும் புரதங்களும் குறைவு. இரண்டு தட்டும் சேர்ந்தே இறங்கியிருப்பதால் நலமாகப் பிறந்த குழந்தைக்கு ரத்தம் சும்மா ஒழுகுவதில்லை. கனடாவின் மௌரீன் ஆண்ட்ரூ 1980களில் ஆரோக்கியமான பச்சிளங்குழந்தைகளிடம் இதை வயதுவாரியாக அளந்து காட்டிய பிறகுதான் குழந்தைகளுக்குத் தனி நார்மல் அளவு வேண்டும் என்ற தெளிவு வந்தது. ரிப்போர்ட்டில் அச்சடித்திருப்பது பெரும்பாலும் பெரியவர்களின் அளவு, சின்னக் குழந்தைக்கு அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இல்லாத குறை தெரியும்.

குழந்தை நீலம்பாரிக்கும் வகை இதயக் கோளாறு என்றால் இன்னொரு நுணுக்கம். அப்படிப்பட்ட குழந்தைகளின் ரத்தத்தில் சிவப்பணு அதிகம், பிளாஸ்மா குறைவு. வழக்கமான சிட்ரேட் அளவு அவர்களுக்குக் கூடுதலாகி ஏ.பி.டி.டி. பொய்யாக நீளும், லேபில் சொல்லிச் சிட்ரேட்டைக் குறைத்து எடுக்கவேண்டும். பெரிய இதய மையங்களில் இது வழக்கமாகத் தெரிந்த விஷயம்தான்.

இனி ஆபரேஷன் அரங்குக்குள். 7 கிலோ குழந்தையின் மொத்த ரத்தமே அரை லிட்டருக்குச் சற்று மேல், கிலோவுக்கு 75 முதல் 80 மில்லி என்று கணக்கு. ஆபரேஷன் முடியும்வரை இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக ஓடும் இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களை முதலில் திரவத்தாலோ ரத்தத்தாலோ நிரப்பியாக வேண்டும், பச்சிளங்குழந்தை என்றால் அந்த அளவே குழந்தையின் சொந்த ரத்த அளவை எட்டிவிடக்கூடும். ஆக இயந்திரம் ஓடத் தொடங்கிய நிமிடமே உறைதல் காரணிகளும் பிளேட்லெட்டும் நீர்த்துப்போகின்றன. ரத்தம் குழாய்க்குள் உறைந்துவிடக் கூடாது என்பதால் அதற்கு முன்பே ஹெபாரின் கொடுத்து உறைதலை வேண்டுமென்றே நிறுத்துகிறோம், கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட். போதுமா என்று பார்ப்பது ஏ.சி.டி. என்ற டெஸ்ட், மேசைப் பக்கத்திலேயே சின்ன மெஷின், சில சொட்டு ரத்தம், சில நிமிடத்தில் பதில். சாதாரணமாக 100 நொடியைச் சுற்றி இருப்பதை 400, 480-க்கு மேல் ஏற்றிய பிறகுதான் இயந்திரத்துக்கு மாற்றுவார்கள், பிறகு அரைமணிக்கு ஒருமுறைபோலத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். குழந்தைகளிடம் இதை அப்படியே நம்பவும் முடியாது: உடம்பைக் குளிரவைத்தாலும் ரத்தம் நீர்த்தாலும் ஏ.சி.டி. நீளும், ஹெபாரின் நிறைய இருப்பதுபோல் காட்டும், உண்மையில் குழந்தையின் உடம்பு அதை வேகமாகத் தீர்த்துக்கொண்டிருக்கும். அதனால் வசதியுள்ள இடங்களில் ஹெபாரின் அளவையே தனியாக அளக்கிறார்கள். வேலை முடிந்ததும் புரோட்டமின் கொடுத்து ஹெபாரினை முறிப்பார்கள்.

அப்புறமும் ரத்தம் கசிந்தால், எதனால் என்று தெரியவேண்டும். பிளேட்லெட்டா, உறைந்த ரத்தத்துக்கு வலைபோல் ஆகும் ஃபைப்ரினோஜென் என்ற புரதமா, மிச்ச ஹெபாரினா, இல்லை தையல் போடாமல் விட்ட ரத்தக்குழாயா? லேபுக்கு அனுப்பிக் காத்திருந்தால் முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் சின்னக் குழந்தையின் நிலைமை மாறிவிடும். இங்கேதான் தெக், ரோட்டெம் என்ற மெஷின்கள். ஜெர்மனியின் ஹார்ட்டெர்ட் 1948இல் வெளியிட்ட முறை இது. ஒரு சிறு கிண்ணத்தில் முழு ரத்தத்தை வைத்து, அது உறைந்து கெட்டியாவதை மெஷின் திரையில் வரைந்துகொண்டே போகும். படம் கிடைவாட்டில் படுக்கவைத்த பம்பரம்போல் இருக்கும். ஆணிபோல் ஒற்றைக்கோடாக வருவது உறையத் தொடங்கும்வரை உள்ள நேரம்: அது நீண்டால் காரணிகள் குறைவு அல்லது ஹெபாரின் மிச்சம். பிறகு விரியும் வயிற்றின் அகலம் உறைந்த ரத்தத்தின் பலம்: ஒல்லியாக இருந்தால் பிளேட்லெட்டோ ஃபைப்ரினோஜெனோ போதவில்லை. விரிந்தது சீக்கிரமே சுருங்கினால் உறைந்தது கரைந்துகொண்டிருக்கிறது. பிளேட்லெட்டின் பங்கை அடக்கிவிட்டு ஒன்று, ஹெபாரினை முறித்துவிட்டு ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினால் குற்றவாளி யார் என்று 10 நிமிடத்தில் குறிப்பு கிடைத்துவிடும். ஃபைப்ரினோஜென் குறைவென்றால் கிரையோ (பிளாஸ்மாவிலிருந்து எடுக்கும், ஃபைப்ரினோஜென் செறிந்த பொருள்), பிளேட்லெட் என்றால் பிளேட்லெட், கரைகிறதென்றால் டிரானெக்ஸாமிக் அமிலம். இந்தக் கடைசி மருந்து ஜப்பானின் ஒகமோட்டோ தம்பதி 1960களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தது, இன்று முதுகெலும்பு, மண்டையோட்டு, இதய அறுவைகளில் குழந்தைகளுக்கு வழக்கமாகவே கொடுக்கிறோம். எல்லாம் சரியென்று மெஷின் சொல்லியும் ரத்தம் வருகிறதென்றால் அறுவை மருத்துவர் திரும்பத் தேடவேண்டியது தையலைத்தான்.

இந்த டெஸ்ட்டுகள் வழக்கமாகக் காட்டாதது ஒன்று உண்டு, குளிர். லேப் டெஸ்ட்டை 37 டிகிரியில்தான் ஓட்டுகிறார்கள், மேசையில் கிடக்கும் குழந்தையோ 34 டிகிரியில் இருக்கலாம். ஏ.சி. அறையில் திறந்த வயிற்றோடு கிடக்கும் சின்னக் குழந்தை எவ்வளவு சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். குளிரில் உறைதல் மந்தமாகிவிடும், பிளேட்லெட் சோம்பிவிடும், ரிப்போர்ட் மட்டும் நன்றாக இருக்கும். அடுத்தது கால்சியம். ஏற்றும் ரத்தப் பையில் உள்ள சிட்ரேட் குழந்தையின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், கால்சியம் இல்லாமல் உறைதல் நடக்காது, இதயமும் தளரும். வேகமாக ரத்தம் ஏற்றும்போது அடிக்கடி அளந்து கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும்.

இந்த மெஷின்கள் எல்லா ஊரிலும் இல்லை. மாவட்ட அளவில் ஒரு குழந்தைக்கு அவசர அறுவை செய்யும்போது உறிஞ்சும் பாட்டிலின் அளவு, நனைந்த பஞ்சுத்துணியின் எடை (1 கிராம் கூடினால் ஏறத்தாழ 1 மில்லி), ஊசி குத்திய இடமெல்லாம் கசிகிறதா என்ற பார்வை, இவைதான் கையில் இருப்பவை. பாம்புக்கடிக்குச் செய்வார்களே, சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பது, அதையும் செய்யலாம். நுணுக்கமான டெஸ்ட் இல்லை, ஆனால் 20 நிமிடத்தில் உறையவில்லை என்றால் ஃபைப்ரினோஜென் ரொம்பக் குறைந்துவிட்டது என்று அடித்துச் சொல்லும்.

சரி, உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். திரும்ப எடுத்தும் கூடியிருந்தால் மிக்ஸிங் டெஸ்ட், காரணி அளவுகள், வான் வில்லிபிராண்ட் எல்லாம் ஒழுங்காகப் பார்க்கும் இடத்துக்குப் போங்கள். மதுரை, திருச்சி, சென்னையின் பெரிய மருத்துவமனைகளில் ரத்தவியல் மருத்துவர்கள் இருக்கிறார்கள், வேலூர் சி.எம்.சி. இந்த வியாதிகளுக்கு நாடு முழுக்க அறியப்பட்ட இடம். ஒருவேளை ஹீமோபிலியா என்றே வந்தாலும் காரணி மருந்து தமிழக அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது, முன்கூட்டியே தெரிந்தால் மருந்து கொடுத்துப் பத்திரமாக ஆபரேஷன் செய்யவும் முடியும். பையன் வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிட்டால் சொல்லுங்கள், பிளேட்லெட், ஃபைப்ரினோஜென் இரண்டையும் அது குறைக்கக்கூடும். ஆஸ்பிரின் எந்தப் பெயரிலும் வேண்டாம், சித்த மருந்து, நாட்டு மருந்து ஏதாவது கொடுத்துவந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆபரேஷன் ஆனபின் டான்சில் ரத்தப்போக்கு இரண்டு சமயங்களில் வரும். முதல் 24 மணி நேரம் ஒன்று, அப்போது மருத்துவமனையில்தான் இருப்பீர்கள். மற்றது 5 முதல் 10 நாளுக்குள், தொண்டையில் கட்டிய வெள்ளைப் பொருக்கு உதிரும்போது, அப்போது வீட்டில் இருப்பீர்கள். அந்த வாரம் ஊர்ப்பயணம், திருவிழா என்று கிளம்பாதீர்கள், ராத்திரியில் எந்த மருத்துவமனையில் காது மூக்குத் தொண்டை மருத்துவரும் மயக்க மருத்துவரும் கிடைப்பார்கள் என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளை ரத்தத்தைத் துப்பாது, விழுங்கிவிடும். தூக்கத்தில் பிள்ளை எச்சில் விழுங்குவதுபோல் திரும்பத் திரும்ப விழுங்கிக்கொண்டே இருந்தால் விளக்கைப் போட்டு வாயைத் திறந்து பாருங்கள். சிவப்பாகத் தெரிந்தாலோ, காப்பிப்பொடி நிறத்தில் வாந்தி எடுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள், போகும் வழியில் எதுவும் குடிக்கக் கொடுக்காதீர்கள், பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.